விரிசல் விழுந்த சம்மட்டி

2026ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினான்காம் நாள், சனிக்கிழமை காலை, மூடிக் கிடந்த ஒரு சரக்குக் கிடங்கின் பின்புறத் திடலில், வேடமிட்டுப் போர் புரியும் விளையாட்டுக் குழுவினர் தங்கள் ஆயுதங்களைச் சோதனைக்குக் கொண்டுவந்தனர். வாளாயினும் கோடரியாயினும் எல்லாம் நுரைப்பஞ்சால் ஆனவை. உள்ளே கண்ணாடி நாரால் ஆன ஒரு கம்பு, மேலே ரப்பர் பூச்சு. செய்தவர் தம் ஆயுதத்தால் சோதிப்பவளின் முதுகில் ஓங்கி ஒருமுறை அடிக்க வேண்டும். உறுத்தினால் அது களத்துக்குள் போகாது. சோதிப்பவள் மருத்துவமனையில் கை கால் முடங்கியவர்களுக்குப் பயிற்சி அளிப்பவள்; இந்த விஷயத்தில் யாருக்கும் தயவு காட்டி அறியாதவள்.

அன்று வரிசையின் கடைசியில் அவளுடைய அண்ணி நின்றிருந்தாள். சோபாக்களுக்கு மெத்தை தைப்பது அவள் தொழில். கோட்டை வாயிலைக் காக்கும் அரக்கியாக முதன்முறை களமிறங்க வந்திருந்தாள். தோளில் ஒரு சம்மட்டி.

அதைக் கண்டதும் சோதிப்பவள் தன்னை அறியாமல் எழுந்து நின்றாள். இரும்பு, எத்தனையோ போர்களைக் கண்டு துருவேறிய இரும்பு. விளிம்புகள் மழுங்கியிருந்தன. அடிக்கும் முகத்தின் நடுவே மின்னல்போலக் கிளைத்த விரிசலொன்று ஓட, அதற்குள் இருள் தேங்கி நின்றது. கையில் வாங்கியபோது, பாரத்துக்கு ஆயத்தமான தோள் ஏமாந்து மேலே எகிறியது. தலையணையின் கனம்கூட இல்லை.

"என்னம்மா பெரிய ஆபீஸரே, வாய மூடு. ஈ உள்ள போயிடப் போகுது."

"எப்படி அண்ணி செஞ்சீங்க இத?"

"கடையில மிச்சம் விழுந்த பஞ்சுதான். ஒட்டி முடிச்சதும், தூங்கிட்டிருந்த உங்க அண்ணன் முதுகுல ஒண்ணு வச்சேன். குறட்டைகூட நிக்கல."

சோதிப்பவள் சிரித்தபடியே திரும்பி நின்றாள். அடி விழுந்தது. பெரிய வலி இல்லை. ஆனால் பஞ்சுக்குள்ளிருந்து எலும்புபோல ஏதோ ஒன்று அவள் விலாவைத் தொட்டது. அவளைத் தவிர யாருக்கும் அது தெரியாது. சிரிப்பு அடங்க, விரிசலுக்குள் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். கம்பு தட்டுப்பட்டது.

"அண்ணன அடிச்சுப் பாத்ததுக்கு அப்புறமா இந்த விரிசல வெட்டினீங்க?"

அண்ணியின் முகம் சுண்டியது. "வழவழன்னு பொம்மை மாதிரி இருந்துச்சு. அத வெட்டினப்புறம்தான் அதுக்கு உசிரே வந்துச்சு."

"யார் மூக்குலயாவது பட்டா உடைஞ்சிடும் அண்ணி. பஞ்சு வச்சு அடைச்சிடுங்க, இப்பவே விட்டுடறேன்."

அண்ணி விரிசலை மெல்லத் தடவினாள். "அடைச்சா அப்புறம் இது வெறும் மெத்தை."

"அப்ப அடிக்கக் கூடாது."

"சரி, அடிக்கல. தூக்கிட்டு நிக்கவாவது விடுவியா?"

அதற்கு விதி எதுவும் இருக்கவில்லை. சோதிப்பவள், இது அடிக்காது என்று எல்லோருக்கும் தெரியும்படி, பிடியில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டிக் கொடுத்தாள்.

பிற்பகலில் எதிர்ப்படை கூச்சலிட்டபடி கோட்டை வாயிலை நோக்கி ஓடிவந்தது. அண்ணி வெளியே வந்தாள். சம்மட்டியை அவள் தூக்கவில்லை. இரு கைகளாலும் மண்ணில் இழுத்துவந்தாள். ஒவ்வோர் அடிக்கும் குதிகால் புதைந்தது. கழுத்து நரம்புகள் புடைத்தன. அவள் மூச்சு திடலின் எல்லைவரை கேட்டது. பிறகு அதை முழங்காலுக்கு, இடுப்புக்கு, கடைசியாகத் தோளுக்கு ஏற்றினாள். விரிசல் வெயிலுக்குத் திரும்பியது.

கூச்சல் அறுந்தது. அது பஞ்சு என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். அது அடிக்காது என்பதும் தெரியும். ஆயினும் முன்வரிசையில் ஒரு கேடயம் தாழ்ந்தது. அதன் பின்னே மற்றொன்று. பாரம் தூக்க மாட்டாத கைகளை நாள்தோறும் பார்த்துப் பழகிய சோதிப்பவள், இல்லாத பாரத்தை ஓர் உடல் இவ்வளவு மெய்யாகச் சுமந்து அதுவரை கண்டதில்லை. காலையில் அதைக் கையில் வாங்கிப் பார்த்தவள் அவள். அவளும் ஓரடி பின்வாங்கினாள்.

அன்று மாலை குழு கூடி முடிவு செய்தது: விரிசலை அடைக்க வேண்டியதில்லை. சம்மட்டி எவரையும் அடிக்கக் கூடாது. அது தோளுக்கு உயர்ந்தால், எதிரில் நிற்பவர்கள் ஆயுதத்தைத் தாழ்த்த வேண்டும். முடிவைக் கேட்ட அண்ணி சம்மட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தாள். கதவைத் திறந்து வைத்திருந்த சோதிப்பவள், அதை வாங்கிக்கொள்ள இரு கைகளையும் நீட்டி, முழங்கால்களை மடக்கி, கால்களை அகல ஊன்றி நின்றாள்.