இளங்கோவனின் லாகின்

மாலையை இளங்கோவனின் காலடியில் வைத்துவிட்டு நிமிர்ந்த மேனேஜர் சுப்ரமணியன், தன் சுறுசுறுப்பைச் சாவு வீட்டிலும் விடவில்லை.

"ஆபீஸ் விஷயத்துல நீ ஒண்ணும் கவலைப்படாதம்மா. சர்வர்ல அவரோட லாகினை இன்னிக்கே எடுக்கச் சொல்லிட்டேன். ரூல் அது."

வைஷ்ணவிக்குத் துக்கத்தையும் மீறிக் கோபம் வந்தது. நேற்று மாரடைப்பில் போன கணவனும் அவளும் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரே அலுவலகத்தின் யூனிக்ஸ் சர்வர்களைக் கட்டி மேய்த்தவர்கள். பெரிய சர்வரின் டிஸ்க் சில நாட்களாகப் பிழை காட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பிழைச் செய்திகளை சர்வரின் மூளையான கெர்னல் நினைவகத்தில் ஒரு சின்ன இடத்தில்தான் வைத்திருக்கும். புதியவை வந்தால் பழையவை அழிந்துவிடும். அதனால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவற்றை எடுத்து ஒரு ஃபைலில் சேர்க்கும்படி இளங்கோவன், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே ஓட்டும் க்ரானில் ஒரு வேலை போட்டிருந்தான். அவசரத்தில், நிர்வாகத்துக்கான பொதுவான ரூட் லாகினில் போடாமல் தன் லாகினிலேயே போட்டுவிட்டான். லாகினை எடுத்தால் வேலையும் நிற்கும், ஃபைலும் போகும். அந்த ஆதாரம் இல்லாமல் விற்றவன் டிஸ்க்கை மாற்றித் தர மாட்டான். அவனோடு இளங்கோவன் போட்ட சண்டையெல்லாம் வீணாகிவிடும்.

மேனேஜருக்கு விளக்க நேரமில்லை. எழுந்தாள்.

"எங்கடி போறே? குளிப்பாட்டப் போறாங்க" என்றாள் மாமியார் சின்னத்தாயி.

"ஒரு போன், அத்தை. அவர் வேலைதான்."

உறவுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும் என்று உள்ளறைக்குப் போய், அலுவலகத்தில் தன் கீழ் வேலை பார்க்கும் ஓஸ்வால்டுக்கு டயல் செய்தாள்.

"ஓஸ்வால்ட், அவர் லாகினைத் தொட்டியா?"

"இப்பதான் உக்காந்தேன் மேடம். இன்னும் என்டர் தட்டல."

"தட்டாதே. முதல்ல அந்த ஃபைலை வேற இடத்துல காப்பி பண்ணு. அப்புறம் க்ரான் வேலையை ரூட் லாகினுக்கு மாத்து. போனை வைக்காம, ஓடுதான்னு பாத்துச் சொல்லு."

குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. இந்த வேலையில் அவளுக்கு என்றுமே சந்தேகம் வந்ததில்லை. ரிசீவரைப் பிடித்தபடி நின்றாள். வாசலில் அண்டாவில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

"ஓடிடுச்சு மேடம். புது மெசேஜ் எல்லாம் ஃபைல்ல வந்துடுச்சு. இனி அவர் லாகினை எடுத்துடலாம்ல?"

எடுத்துவிடலாம். வேறு யாருடையதாக இருந்தாலும் அவளே அதைத்தான் சொல்லியிருப்பாள்.

"வேணாம். நாளைக்கு நானே வந்து எடுக்கறேன்."

"நாளைக்கா மேடம்?"

"ஆமா. அதை வேற யாரும் தொட வேணாம்."

போனை வைத்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். எல்லோரும் ஊற்றி முடித்திருந்தார்கள். சின்னத்தாயி மட்டும் ஒரு செம்புத் தண்ணீரை அவளுக்காகக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.