முசுக்கொட்டை துளிர்த்தாச்சா?

"ஐயையோ, அதுக்கு மேல வெச்சுடாதீங்க!" என்று மூத்தவள் கத்தினாள்.

பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் வாசல்படியிலேயே நின்றுவிட்டார்கள். பெட்டிக்குள் இருந்தவர் அப்பா. பெட்டியை வைக்க வேண்டிய மேசையில் இருந்ததோ தக்காளி நாற்று. மேசையில் மட்டுமா? சன்னல் விளிம்பில் மிளகாய், அலமாரித் தட்டில் கத்தரி, துக்கம் கேட்க வருபவர்கள் உட்கார வேண்டிய சோபாவில் பூசணி. செத்த மனிதரை அவர் வீட்டிலேயே கிடத்த இடமில்லை.

"கை கடுக்குதும்மா," என்றார் முன்னால் பிடித்திருந்தவர்.

"எனக்கு மட்டும் இனிக்குதா?" என்று முணுமுணுத்தபடி ஒரு தட்டைத் தூக்கினாள். ஈரமண் சரிந்து, அப்போதுதான் தேய்த்துப் போட்டிருந்த உடுப்பெல்லாம் கொட்டியது.

ஒவ்வொரு வருடமும் இதே கூத்துதான். குளிர் விடுவதற்கு முன்பே அப்பா வீட்டை நாற்றங்காலாக்கிவிடுவார். குளிக்கப் போனால் குளியல் தொட்டியில் வெள்ளரி முளைத்து நிற்கும். "இதெல்லாம் எப்பப்பா வெளியில போகும்?" என்று கேட்டால் ஒரே பதில்: "முசுக்கொட்டை துளிர்க்கட்டும்." பட்டுப்புழுவுக்கு இலை போடுவார்களே, அந்த முசுக்கொட்டை. பக்கத்து வீட்டுத் தையல்காரரின் கொல்லையில் ஒன்று நின்றது. வாதுமை பூத்தாலும் அப்பா நம்ப மாட்டார், குருவி திரும்பி வந்தாலும் நம்ப மாட்டார். "அதுங்கல்லாம் அவசரக் குடுக்கைங்க. உறைபனி முழுசாப் போனப்புறம்தான் முசுக்கொட்டை கண்ணைத் திறக்கும்" என்பார்.

நேற்று மருத்துவமனையிலும் அதே பாட்டுதான். மூச்சு வாங்க அவள் கையைப் பிடித்து இழுத்து, "நாத்தை வெளியில விட்டுடாத," என்றார். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. இத்தனை வருடம் கூடவே கிடந்து, சமைத்துப் போட்டு, மாத்திரை எடுத்துக் கொடுத்து, திட்டு வாங்கியவள் அவள். கடைசியாக ஒரே ஒரு வார்த்தை அவளுக்கென்று வரக் கூடாதா? அதுவும் தக்காளிக்குப் போய்விட்டது. நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்ததே தவிர, அழுகை வரவில்லை.

"நகருக்கா, நான் பாத்துக்கிறேன்," என்று தம்பி வந்தான். அன்று காலையில்தான் கடலோரத்திலிருந்து வந்து இறங்கியிருந்தான், அரைக்கைச் சட்டையோடு. "வெளியில வெச்சா போச்சு. இதுக்கு ஏன் இவ்வளவு அமர்க்களம்? எங்க பக்கம் தக்காளி காயே புடிச்சாச்சு."

"எங்கயோ கொண்டுபோய்த் தொலை," என்றாள் அவள்.

அப்பாவை ஒருவழியாக மேசைமேல் வைத்து, வந்தவர்களைச் சோபாவில் உட்கார்த்தியதுமே தொலைபேசி அலறியது. அலறாமல் என்ன செய்யும்? வசந்தம் கடலோரத்தில் தொடங்கி, ஆற்றங்கரை வழியாக மெல்ல ஏறி, கடைசியாக மலைக்குப் போய்ச் சேரும். அதன் பின்னாலேயே அப்பாவின் தோட்டக் கூட்டாளிகளின் தொலைபேசிகளும் ஏறிக்கொண்டு போகும். கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் அவர் விதைக்க மாட்டார். ஒருவரையொருவர் நேரில் பார்த்ததுகூடக் கிடையாது. நடுவில் இருந்தவர் அப்பா.

"ஆத்தங்கரையிலேர்ந்து பேசறேம்மா. தவளை கத்த ஆரம்பிச்சுடுச்சுன்னு அப்பாகிட்ட சொல்லு."

"அப்பா காலமாயிட்டாருங்க."

அந்த அம்மாள் ஐயோ ஐயோவென்று அழுதாள். அழுது முடித்து, "நேத்து சாயங்காலம்தான் கத்துச்சு," என்று அதையும் சொல்லிவிட்டே வைத்தாள்.

அடுத்து மலைக்காரர். அவருக்குக் காது மந்தம், அதனால் தொண்டை பெரிது.

"அங்க என்னய்யா நிலவரம்? இங்க கூரையில இன்னும் பனி கெடக்கு!"

"நான் பொண்ணு பேசறேங்க."

"மண்வெட்டி இறங்க மாட்டேங்குது. வெங்காயம் மட்டும் மூடி போட்டு—"

"ஐயா, கொஞ்சம் நான் சொல்றதை—"

"—வெச்சிருக்கேன்னு சொல்லு. திட்டுவாரு. திட்டட்டும்!"

"ஐயா! அப்பா செத்துட்டார்!"

சோபாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு அந்த மனிதர் கேட்டார்: "முசுக்கொட்டை துளிர்த்தாச்சாம்மா?"

"உங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" என்று ரிசீவரைப் பட்டென்று வைத்தாள். அங்கே நின்றால் இன்னும் யாரையாவது கடித்துக் குதறிவிடுவோம் என்று தோன்ற, பின்கதவைத் திறந்து வெளியே போனாள்.

போனவளின் கண் பழக்கத்தில் மதிலைத் தாண்டியது. முசுக்கொட்டை மொட்டையாக நின்றது. அப்பாவுக்குக் கண் மங்கியதிலிருந்து இது அவள் வேலை. தினமும் காலையில் வாயில் பிரஷ்ஷோடு வந்து நிற்பாள். உள்ளேயிருந்து "பாத்தியா?" என்று குரல் வரும். "பாத்தேன், பாத்தேன், இல்ல!" என்று எரிந்து விழுவாள். விழுந்தாலும் ஒரு நாளும் பார்க்காமல் சொன்னதில்லை.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. காற்று நின்றுவிட்டது. வானத்தில் பொட்டு மேகமில்லை. மூச்சு புகையாகப் போனது. இன்று உறைபனிதான், சந்தேகமே வேண்டாம். மதிலோரம் சிமெண்டுத் தரையில் தட்டுகள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் தம்பி கையைக் கட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான்.

"டேய், அறிவிருக்கா உனக்கு?"

"நீதானேக்கா தொலைக்கச் சொன்ன?"

"நான் ஆயிரம் சொல்லுவேன். நீயே வெடவெடன்னு நிக்கிற, அதுங்க தாங்குமா? உங்க ஊர் வெயிலைப் பையில போட்டுக் கொண்டுவந்தியா?"

"விடுக்கா. அவரே போயிட்டார். இனிமே இதையெல்லாம் யார் நடப்போறா?"

நியாயமான கேள்விதான். அடக்கம் முடிந்ததும் அத்தனையும் குப்பைக்கு என்று அவளே காலையில் முடிவு செய்திருந்தாள். வீடு வீடாக இருக்கும். குளியல் தொட்டியில் குளிக்கலாம். இப்போது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனால் போதும், கையில் மண் படாமல் விடிவதற்குள் எல்லாம் கருகிவிடும். கதவின் பிடியில் கைவைத்தபடி நின்றாள்.

"தூக்கு முதல்ல," என்றாள்.

அவனால் மட்டும் ஆகிற காரியமா? உள்ளே போய், "சும்மாதானே உக்காந்திருக்கீங்க, ஆளுக்கு ஒண்ணு புடிங்க," என்றாள். துக்கம் கேட்க வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக நாற்றுத் தட்டோடு பெட்டியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். "உங்கப்பா ஒரு நாளாவது என்னைப் பாக்க வந்திருப்பாரா? என் மரத்தைப் பாக்கத்தான் வருவார்," என்று தையல்காரர் பூசணித் தட்டோடு கண்ணைத் துடைக்க வழியில்லாமல் தவித்தார்.

வீட்டில் காலியாக இருந்தது ஒரே இடம்தான். அப்பாவின் கட்டில்.

"இங்கயா?" என்றான் தம்பி.

"வேற எங்க? என் தலையிலயா?"

எல்லாம் வைத்தாயிற்று. நடுவில் வைத்த தக்காளித் தட்டு மட்டும் ஒருபக்கமாகச் சரிந்தது. அப்பா படுத்துப் படுத்து மெத்தை அந்த இடத்தில் குழிந்து போயிருந்தது.

தொலைபேசி மறுபடியும் அடித்தது. மலைக்காரராக இருந்தால் தான் வீட்டில் இல்லையென்று சொல்லச் சொன்னாள். தம்பி தொலைபேசியை அவள் காதருகே கொண்டுவந்து நீட்டினான்.

"கோவிச்சுக்காதம்மா," என்றது குரல். இந்த முறை கத்தவில்லை. "எனக்குக் கேக்கத் தெரியல. உங்கப்பா எப்பவும் சொல்வாரு, 'என் கண்ணு போயாச்சு, என்னைக் கேக்காத. என் பொண்ணு பாத்துச் சொல்லணும். அவ பாத்தா பாத்ததுதான். அவ சொல்லாம நான் ஒரு செடி நட மாட்டேன், நீயும் நடாத'ன்னு. மூணு வருஷமா நாங்க இங்க உன் வார்த்தைக்குத்தாம்மா காத்துக்கிட்டிருக்கோம். அதான் கேட்டேன்."

அவள் சன்னலில் படிந்திருந்த ஆவியை உள்ளங்கையால் துடைத்தாள். மரத்தின் உச்சிக்கிளை தெரிந்தது. காலையில் பார்த்த மரம்தான், சற்றுமுன் பார்த்த மரம்தான். இன்னொரு முறை நன்றாகப் பார்த்தாள்.

"இன்னும் இல்லீங்க," என்றாள். "பொறுங்க. நான் பாத்துச் சொல்றேன்."

கதவுக்குப் பின்னால் அப்பாவின் கம்பளிச் சட்டை தொங்கியது. அதை எடுத்து, நாலாக மடித்து, மெத்தையின் குழிக்குள் தட்டின் அடியில் செருகினாள். தட்டு மட்டமாக நின்றது.