இரண்டாவது பிரேக்

“யாருதுய்யா இந்த வண்டி? கேட்டை மறிச்சுக்கிட்டு நிக்குது. அண்ணனைக் கொண்டு வர்ற நேரமாச்சு!”

கொழுந்தனின் சத்தம் உள்ளறை வரைக்கும் கேட்டது. அவள் தையல் மெஷின் மேல் கிடந்த பள்ளிச் சீருடைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடிக்க வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கணவரின் உடலை ஏற்றிய வேன் வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது. நேற்று மத்தியானம் ஷூ லேஸ் கட்டக் குனிந்த மனுஷன் நிமிரவே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தபோது ஒரு காலில் மட்டும் லேஸ் கட்டியிருந்தது.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். கடுகு நிறக் கார். மூன்று நாளைக்கு முன் அவள் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த அதே வண்டி.

அவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். எதற்கெடுத்தாலும் “மெதுவா, மெதுவா” என்பதால் அவரிடம் ஓட்டப் படித்தவர்கள் வைத்த பெயர் மெதுவா சார். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவருக்குச் சொந்தமாக ஒரு வண்டி கிடையாது. வேலையிலிருந்து நின்ற பிறகுதான் அந்த ஆசை வந்தது. புதுசுக்கு வழியில்லை, பழசுதான். அதிலும் வீட்டில் ஆளுக்கொரு கட்சி. மகளுக்கு வண்டி துள்ள வேண்டும், பாட்டு அதிர வேண்டும். இவளுக்கு டிக்கி பெரிதாக இருக்க வேண்டும். வாய் வார்த்தையை நம்பாமல், வண்டி பார்க்கப் போன இடத்துக்கெல்லாம் ஒரு சீருடை மூட்டையைச் சுமந்துபோய் டிக்கியில் திணித்து மூடிப் பார்த்தாள். அவர் மட்டும் எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு வண்டியிலும் ஓட்டுகிறவர் சீட்டை விட்டுவிட்டுப் பக்கத்து சீட்டில் ஏறி, கண்ணை மூடி என்ஜின் சத்தத்தைக் கேட்பார்.

“அப்பாவுக்குத் தொழில் புத்தி போகுதா பாரு,” என்று மகள் சிரிப்பாள்.

இது எட்டாவது வண்டி. மூட்டை அடங்கியது. பாட்டு அதிர்ந்தது. மகள் குதிக்காத குறை. அப்போதுதான் பக்கத்து சீட்டின் காலடியில் இன்னொரு பிரேக் இருப்பதை இவள் பார்த்தாள். எங்கோ ஒரு டிரைவிங் ஸ்கூலில் உழைத்த வண்டி.

“கம்பி இணைப்பு,” என்று அவர் குஷியாக மிதித்துக் காட்டினார். “நான் மிதிச்சா உன்னுதும் இறங்கும். நீ மிதிச்சா என்னுதும் இறங்கும். பாரேன்!”

அவளுக்குச் சுருக்கென்றது. கல்யாணமான புதிதில் அவளுக்கும் அவர் பதினோரு நாள் கற்றுக்கொடுத்தார். பன்னிரண்டாம் நாள் ஒரு திருப்பத்தில் பதறிப்போய் ஸ்டியரிங்கைப் பிடுங்கிக் கத்திவிட்டார். ஊருக்கெல்லாம் மெதுவா சார், பெண்டாட்டியிடம் மட்டும் கத்தல். அவள் நடுரோட்டில் இறங்கி வீடு வரை நடந்தாள். அவர் நடை வேகத்தில் வண்டியை உருட்டிக்கொண்டே, “ஏறுடி, மானம் போகுது,” என்று கெஞ்சிக்கொண்டு கூடவே வந்தார். அதற்கப்புறம் அவள் எந்த வண்டியின் ஸ்டியரிங்கையும் தொட்டதில்லை.

“இத்தனை வருஷம் கழிச்சும் என்னை நம்பல, அதானே?” வண்டி புரோக்கரை வைத்துக்கொண்டே கேட்டாள். “எத்தனை பேர் மிதிச்சுத் தேய்ச்ச வண்டியோ. எனக்கு வேணாம்.”

“அதுக்கில்லடி…” என்றார்.

மிச்சத்தைக் கேட்க அவள் நிற்கவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று நடந்துவிட்டாள். வீட்டிலும் சாப்பாட்டுத் தட்டை டங்கென்று வைத்ததோடு சரி, பேச்சில்லை. அந்தப் பாழாய்ப்போன இரண்டு நாள்தான் கடைசி இரண்டு நாள் என்று யாருக்குத் தெரியும்?

வாசலுக்கு வந்தாள். புரோக்கர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“மன்னிக்கணும்மா. சத்தியமா எனக்குத் தெரியாது. சார்தான் முந்தாநாள் போன் பண்ணி, இன்னைக்குப் பத்து மணிக்கு வண்டியை வீட்டுக்கே கொண்டு வரச் சொன்னாரு.”

“நான்தான் வேணாம்னுட்டேனே.”

“நானும் சொன்னேம்மா. அவ அப்படித்தான் சொல்லுவா, நீ கொண்டு வான்னாரு.” புரோக்கர் குரலைத் தாழ்த்தினார். “இனிமே வண்டியே ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். நெஞ்சுல ஏதோ கோளாறாம். வீட்டுல மூச்சு விட்டுடாதேன்னாரு. ‘இனி அவதான் ஓட்டணும். பக்கத்துல பிரேக்கோட நான் உட்கார்ந்திருந்தா பயப்படாம ஓட்டிடுவா. நல்ல கை அவளுக்கு. நான்தான் அன்னைக்குக் கத்திக் கெடுத்துட்டேன்’னாரு.”

அவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற மகளுக்கும் இது தெரிந்திருக்கவில்லை என்பது முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

“பாவி மனுஷா,” என்றாள் வாய்விட்டு. “வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? நான் கேட்டிருக்க மாட்டேனா?”

சொல்லத்தான் வாயைத் திறந்தார். நடுவார்த்தையில் அவரை விட்டுவிட்டு மூட்டையோடு நடந்தது அவள்தான்.

“சரி சரி, வண்டியை எடுய்யா,” என்றார் கொழுந்தன். புரோக்கர் சாவியை எடுத்தார். கதவுப் பூட்டில் அது சரியாக நுழையவில்லை. கூடியிருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மெதுவா சாரிடம் படித்தவர்கள். நான் எடுக்கிறேன், நான் எடுக்கிறேன் என்று நாலைந்து கைகள் நீண்டன. அவள் போய்ச் சாவியை வாங்கினாள்.

“அண்ணி, நீங்க எதுக்கு? இந்த நேரத்துல…”

“விடுங்க சித்தப்பா,” என்றாள் மகள்.

முன்கதவைத் திறந்து பக்கத்து சீட்டில் ஏறப்போன மகளிடம், “பின்னாடி உட்காரு,” என்றாள்.

சீட்டை முன்னால் இழுத்துப் போட்டாள். கிளட்ச், முதல் கியர். கால் மறக்கவில்லை. ஆனால் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. மறுபடியும் சாவியைத் திருகினாள்.

“மெதுவா…” என்றார் கூட்டத்தில் யாரோ, பழக்கத்தில். சொன்ன பிறகு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வண்டி நகர்ந்தது. கேட்டைத் தாண்டி, சுவரோரமாக, பதினைந்து அடி. தெருமுனையில் வேன் திரும்புவது கண்ணாடியில் தெரிந்தது. அவள் பிரேக்கை மிதித்தாள். பக்கத்து சீட்டின் காலடியில், ஆளில்லாத இடத்தில், இன்னொரு பிரேக்கும் கூடவே இறங்கியது.

பின்னால் வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவுகள் திறந்தன.

“அம்மா, வண்டி நின்னுடுச்சும்மா. காலை எடு,” என்றாள் மகள்.

அவள் அந்தப் பிரேக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலை எடுக்கவில்லை.