மூன்றாவது வார்

1

காலை பத்தே முக்காலுக்கு, பை தைப்பவர் என் தோள்பையின் வாரை இழுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தாங்கும்னு சொல்லவா, உண்மையச் சொல்லவா?" இந்தக் கதை அங்கே கிடைத்தது. பையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

2

முதல் தொடக்கம்: 'மூன்று நிலவுகள் எழுந்த அன்று, புனித வீரர்களின் கோட்டையில்—'

வேண்டாம். காலையில் நடக்கும் கதைக்கு ஒரு நிலவே அதிகம்.

இரண்டாவது: 'அணையாச்சுடர் சபையின் வீரர்கள் நூற்றிருபது பேர். கணவாயில் இறங்கும் நெருப்புநாகம் முதுகில்தான் அடிக்கும்.' இது இருக்கட்டும். (நாகத்தை வர்ணிக்க ஆசைதான். கதை அதைப் பற்றியதல்ல.)

முதுகுக் கவசத்துக்கு நான்கு வார்கள். தன் கை எட்டாது. ஆகவே சபையில் ஒரு விதி: யாரோடு கடைசியாகச் சண்டை போட்டாயோ, அவர்தான் உனக்குக் கட்டிவிட வேண்டும். நீ திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அவரைச் சந்தேகித்ததாகும்.

3

கவச அறை. கல் தரை, ஈரத்தோல் வாடை. தம்பி முதுகைக் காட்டி நிற்கிறான். அண்ணன் கட்டுகிறான்.

"நேத்து சபையில என்னமா பேசின! 'என் தம்பி முன்வரிசைக்கு ஆகமாட்டான்.' கேட்டவங்க உன்னை என் மாமியார்னு நினைச்சிருப்பாங்க."

"கையைத் தூக்கு."

"தெரியாம சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லேன்."

"தூக்குடா."

இரண்டு வார்கள் கட்டியாயிற்று. மூன்றாவதில் தையல் பாதி விட்டிருந்தது.

கட்டுபவர் முந்தின மாலையே வார்களைச் சோதிக்க வேண்டும் என்பதும் விதி. கவசம் இரவில் தம்பியின் அறையில்தான் இருக்கும். அண்ணன் போகவில்லை. பேச்சுவார்த்தை இல்லாதவன் அறைக்கு எப்படிப் போவது?

(தன் வாரைக் கழற்றிக் கொடுக்கலாமே என்பீர்கள். வார்கள் கவசத்தோடு சேர்த்துத் தைத்தவை; புதிதாகத் தைக்க இப்போது நேரமும் இல்லை. அந்த வழியை நானும் பார்த்தேன்.)

4

அண்ணன்மேல் எனக்குச் சந்தேகம். தையல் விட்டதைக் கண்டதும் 'மகிழ்ந்தான்' என்று எழுதினேன். அடித்துவிட்டு 'திகைத்தான்' என்றேன். இரண்டையும் இப்போது விட்டுவைக்கிறேன். சொன்னால், இன்றைக்கு முன்வரிசையில் வேறொருவன் நிற்பான். நேற்று அண்ணன் கேட்டதும் அதுதான்.

5

முடிவு ஒன்று: சொல்கிறான். தம்பி சிரிக்கிறான். "நேத்து வாயால தடுத்தே, இன்னைக்கு வாரால தடுக்கிறியா?" நம்பாமல் போகிறான்.

முடிவு இரண்டு: நம்புகிறான். கவசத்தைக் கழற்றி வைக்கிறான். உயிரோடு இருக்கிறான். அதன்பின் அண்ணனோடு ஒரு வார்த்தைகூட—

முடிவு மூன்று: அண்ணன் வாயைத் திறக்கவில்லை. வார் தாங்குகிறது. தம்பி மாலையில் பசியோடு திரும்பி வந்து அண்ணன் தட்டிலிருந்தே எடுத்துத் தின்கிறான். இதைத்தான் என்னால் எழுதி முடிக்க முடியவில்லை.

நான்காவதை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

6

மணி அடித்தாயிற்று. முற்றத்தில் குதிரைகள் நகர்கின்றன. வார் அண்ணனின் விரல்களில் இருக்கிறது. நான் எழுந்துகொள்கிறேன், அவன் பக்கத்தில் நீங்கள் நில்லுங்கள். தம்பி திரும்பமாட்டான். சுவரைப் பார்த்தபடியே கேட்கிறான்.

"அண்ணா, ஏன் கை நின்னுடுச்சு?"