ஏழு தசம் நான்கு

"நீங்க இந்த இரும்புக் குளிசைய எதோட குடிக்கிற?" என்று டொக்டர் ஜவாஹிறா கேட்டபோது சுதர்சினி கொஞ்சம் பெருமையோடுதான் பதில் சொன்னாள்.

"தேத்தண்ணியோட டொக்டர். காலமை ஆறு மணிக்கு. ஒரு நாளும் தவறவிடேல்ல."

டொக்டர் பேனையை மேசையில் வைத்தார். "பால் தேத்தண்ணியா?"

"ஓம்."

"கல்சியம் குளிசையும் அதோடயா?"

"ஓம். ரெண்டையும் ஒண்டாத்தான்."

"நல்லா இரிக்கி போங்க. தேத்தண்ணி இரும்பப் புடிச்சி வச்சிக்கும். மிச்சத்த பாலும் கல்சியமும் உள்ள விடாது. ஒன்றர மாசமா நீங்க குளிசைய டொய்லெட்டுக்குத்தான் போட்டிருக்கிற."

மேசையில் இரண்டு ரிப்போர்ட்கள் கிடந்தன. ஆறு கிழமைக்கு முந்தியதில் ஹீமோகுளோபின் ஏழு தசம் இரண்டு. இன்றையதில் ஏழு தசம் நான்கு. கர்ப்பப்பைக் கட்டியை எடுப்பதற்கு ஆசுபத்திரியில் கொடுத்திருந்த திகதிக்கு இன்னும் ஐந்து கிழமை இருந்தது. பத்துக்கு மேலே போகாவிட்டால் மயக்க மருந்து கொடுக்கிற டொக்டர் கிட்டவும் வரமாட்டார் என்று அங்கே தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். இந்தத் திகதி தவறினால் அடுத்தது வைகாசியில்தான். அதுவரைக்கும் மாதத்தில் பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று ரத்தம் போய்க்கொண்டிருக்கும். போகப் போக அந்த எண் இன்னும் இறங்கும். இறங்க இறங்க ஒப்பரேஷன் தள்ளிப் போகும்.

டொக்டர் கிட்டே வந்து அவளுடைய கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். "வெள்ளைச் சீலை மாதிரி இரிக்கி. பச்சரிசி, ஐஸ், இப்பிடி ஏதாச்சும் கடிச்சித் திண்ண ஆசை வருமா?"

சுதர்சினிக்குக் காது சூடாகியது. வீட்டில் யாருக்கும் தெரியாத விஷயம் அது. அரிசி வாளியைத் திறக்கும்போதெல்லாம் ஒரு பிடியை அள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். பிடிபட்டால் என்ன சொல்வது என்று பொய்யெல்லாம் யோசித்து வைத்திருந்தாள்.

"வரும் டொக்டர். அரிசி."

"எத்தின வருசமா?"

"பதினொரு வருசம் இருக்கும்."

"அது கெட்ட பழக்கமில்ல. உடம்பில இரும்பு இல்லாட்டி அப்பிடித்தான் வரும். சரி, கேளுங்க. எழும்பினவுடன வெறும் வயித்தில குளிசை. தேசிக்காய்த் தண்ணியோட. முன்னுக்கும் பின்னுக்கும் ரெண்டு மணித்தியாலம் தேத்தண்ணி தொடப்படாது. கல்சியத்த ராவைக்கு மாத்துங்க. கிழமையில ரெண்டு தரம் ஈரல் சாப்பிடுங்க. நெத்தலி, கீரை, கௌபி, பயறு. ஒழுங்காச் செஞ்சா ஏறும். ரெண்டு கிழமையில திரும்பப் பாப்பம். ஏறல்லண்டா ஊசியால ஏத்தணும்."

"நாளைக்குக் கௌரி விரதம் துவங்குது டொக்டர். புருசன்ர ஆயுளுக்காகப் பிடிக்கிறது. இருபத்தொரு நாள், ஒரு நேரச் சாப்பாடு. அது முடியக் கந்தசஷ்டி ஆறு நாள்."

டொக்டர் சிரித்தார். "நாங்களும் நோன்பு புடிக்கிற ஆக்கள்தான். வருத்தக்காரர் நோன்ப உடலாம் எண்டு எங்களுக்கு இரிக்கி. உங்கட சாமிக்கும் அந்தளவு இரக்கம் இரிக்கும்தானே?"

காலி வீதிக்கு வந்து நின்றபோதுதான் கோபம் ஏறத் தொடங்கியது. முதலில் அது தேநீரின் மேல்தான் வந்தது. ஆறு கிழமையாக விடியற்காலையில் அந்தத் தேநீரைப் போட்டுக் கொடுத்தவர் கணவனின் அக்கா சிவமணி. "வெறும் வயித்தில குளிசை போட்டாக் குடல் புண்ணாகிப் போம், இந்தா" என்று கட்டிலுக்கே கொண்டுவந்து கொடுப்பார். பதினெட்டு வருடத்தில் அந்த வீட்டில் அவளுக்காக ஒருவர் போட்ட ஒரே தேநீர் அது. அதன் மேல் எப்படிக் கோபப்படுவது? ஆகவே கோபம் அதைத் தாண்டிப் பின்னோக்கி ஓடியது. கொட்டாஞ்சேனையில் அவள் படிப்பிக்கும் பாடசாலையில் கதிரையில் இருந்தபடி பாடம் எடுத்ததற்கு அதிபர் எல்லோர் முன்னாலும் கேட்ட கேள்வி வரைக்கும். "டீச்சருக்கு ஒரு கட்டில் போட்டுத் தரட்டோ?" எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "எங்கட சுதாக்குக் கதிரையைக் கண்டாக் காணும்" என்று சிவமணி மச்சாள் விருந்தாளிகளிடம் சொல்லும்போதும் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கடற்கரைக்கு நடக்கக் கூப்பிட்டு, அவள் வரவில்லை என்றதும், "நீர் கலியாணத்துக்கு முதலே இப்பிடியோ, இல்லாட்டி எனக்கெண்டுதானோ?" என்று கணவன் நவரத்தினம் கேட்டபோதும்தான். தான் ஒரு சோம்பேறி என்று அவளே நம்பிவிட்டிருந்தாள். அது தன் குணம், பிறவிக் குறை, மன்னிப்புக் கேட்க வேண்டிய ஒன்று என்று நினைத்து, ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்பது போலவே நடந்திருந்தாள். மீன் காய்ச்சினால் நடுத்துண்டு அவருக்கு, அடுத்தது மகள் உஷாந்திக்கு, பிறகு மச்சாளுக்கு. சட்டியில் ஒட்டிய குழம்பில் சோற்றைப் போட்டுப் பிரட்டித் தின்றுவிட்டு, அதன் மேல் ஒரு பிளேன் டீயும் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறாள். பதினொரு வருடம். ஒருத்தராவது ஒரு விரலால் இமையை இழுத்துப் பார்த்திருக்கலாம்.

வெள்ளவத்தைச் சந்தையில் மஷூரின் இறைச்சிக் கடையில் ஆட்டு ஈரல் அரைக் கிலோ வாங்கினாள்.

"என்ன டீச்சர், நாளைக்கு உங்கட ஆக்களுக்கு விரதமாமே? இண்டைக்கு ஒரு தமிழாளும் இந்தப் பக்கம் வரல்ல" என்றான் மஷூர், ஈரலைத் தாளில் சுற்றியபடி.

"நான் வந்திருக்கிறன்தானே. வெட்டுங்கோ."

அவள் குரலைக் கேட்டு அவன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு கேட்காமலே ஒரு துண்டு கூடப் போட்டான்.

தொடர்மாடியில் லிப்ட் பழுது. மூன்றாம் மாடிக்கு ஏற அவள் நான்கு இடத்தில் நின்றாள். கதவைத் திறந்ததும் மஞ்சள் தண்ணீர் வாசம் வந்தது. குசினி கழுவித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. அலுமாரித் தட்டுகளுக்குப் புதுப் பேப்பர் விரித்திருந்தது. மீனும் இறைச்சியும் காய்ச்சும் மச்சச் சட்டிகளும் அகப்பைகளும் வெட்டுப்பலகையும் ஒரு சாக்கில் கட்டப்பட்டு பல்கனி மூலையில் கிடந்தன. இருபத்தேழு நாளைக்கு அந்தச் சாக்கை யாரும் அவிழ்க்க மாட்டார்கள். வருடா வருடம் நடப்பதுதான். சிவமணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சுதா, கையில?"

"ஈரல்."

"ஐயோ, விசரே உனக்கு? இப்பத்தானே எல்லாம் கழுவி முடிச்சனான். கீழ் வீட்டு ஆக்களுக்குக் குடுத்திட்டு வா."

"குடுக்க மாட்டன் மச்சாள். இது எனக்கு. விரதமும் இந்த முறை பிடிக்கேல்ல."

சிவமணியின் கை அடுப்பின் மேலேயே நின்றது.

அப்போதுதான் நவரத்தினம் கொள்ளுப்பிட்டி ஒபீசிலிருந்து வந்தார். வாசலில் குந்தியிருந்து சப்பாத்தைக் கழற்றியபடியே இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தார். சுதர்சினி சொன்னாள். எண்களைச் சொன்னாள், திகதியைச் சொன்னாள், தேநீரைப் பற்றியும் சொன்னாள். மச்சாளின் முகம் ஒரு கணம் சுருங்கியதைக் கண்டும் நிறுத்தவில்லை.

"இருபத்தொரு நாள்தானே, சமாளியும். பதினெட்டு வருசமாப் பிடிச்சனீர்தானே" என்றார் நவரத்தினம். கோபமாக இல்லை. கெஞ்சுவது போலத்தான் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன் இதே விரதத்தின் பதினாலாம் நாள் அவருக்கு மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்துப் பிழைத்தவர். பிழைத்தது அவள் பிடித்த விரதத்தின் காப்பு நூலால்தான் என்று இந்த வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அவளும் நம்பித்தான் இருந்தாள்.

"அண்டைக்கு ஐசியூ வாசல்ல நான் பச்சைத் தண்ணி படாம நிண்டனான்" என்றாள். "உங்கட பிரஷர் எவ்வளவு, ஒக்சிஜன் எவ்வளவு எண்டு மணிக்கு மணி கேட்டுக் கேட்டு எழுதினனான். என்ர ரத்தம் எவ்வளவெண்டு ஆராவது ஒருக்காக் கேட்டவையே? நீங்கள் கேட்டனீங்களே?"

"எனக்கு என்னெண்டு தெரியும் சுதா? நீர் சொன்னாத்தானே."

"களைக்குது எண்டு சொன்னனான். அதுக்கு என்ன சொன்னனீங்கள்?"

அவர் குனிந்து இடது காலின் சொக்ஸைக் கழற்றத் தொடங்கினார். சிவமணிதான் பேசினார். குரல் இறங்கியிருந்தது. "நானும் ஒருக்கா விட்டனான் சுதா. காய்ச்சல், எழும்ப ஏலாது. ஒரு வருசம்தானே எண்டு விட்டனான். தைக்குள்ள அவர் போயிட்டார். உனக்கு அது தெரியும்."

தெரியும். முப்பத்து மூன்று வயதில் வெள்ளைச் சேலையோடு தம்பி வீட்டுக்கு வந்தவர். அன்றிலிருந்து மற்றவர்களின் விரதத்துக்குச் சட்டி கழுவிக்கொண்டிருப்பவர். சுதர்சினியின் கோபம் அந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறியது. ஈரல் பொட்டலம் கையில் கனத்தது. ஐந்து கிழமையில் பாதியை விட்டுக் கொடுத்தால் என்ன, கீரையும் பயறும் இருக்கின்றனதானே, பகலிலே ஒரு வாய் கூடச் சாப்பிட்டால் அம்பாள் கோபிக்கவா போகிறாள் என்று மனம் வழக்கம்போல இறங்கி வரத் தொடங்கியது. இன்னும் ஒரு நிமிடம் எல்லோரும் பேசாமல் இருந்திருந்தால் பொட்டலம் கீழ் வீட்டுக்குப் போயிருக்கும்.

"சரி, உனக்கு ஏலாட்டி விடு" என்றார் சிவமணி. "உனக்குப் பதிலா உஷா பிடிக்கட்டும். பதினேழு வயசுதானே. கன்னிப்பிள்ளையளும் பிடிக்கிறதுதானே. தேப்பனுக்கும் நல்லது, நாளைக்கு அவளுக்கு வாறவனுக்கும் நல்லது."

சுதர்சினி நவரத்தினத்தைப் பார்த்தாள். அவர் முகம் இளகியிருந்தது. ஒரு பெரிய சிக்கல் சுமுகமாகத் தீர்ந்துவிட்ட மனிதரின் முகம். "அதுவும் சரிதான், என்ன?" என்றார்.

பின்னால் கறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

டியூசனிலிருந்து வந்த உஷாந்தி புத்தகப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே பிரிட்ஜ் கதவைத் திறந்தபடி நின்றாள். கையில் ஐஸ் தட்டு இருந்தது. கன்னம் உப்பியிருந்தது. மறுபடியும் கறுக்.

சுதர்சினி பொட்டலத்தை வைத்துவிட்டுப் போய் மகளின் முகத்தை நாடியில் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்தாள்.

"அம்மா! நோகுது. என்ன விசரா?"

அங்கே சிவப்பே இல்லை. வெளிறிய சீலைதான் இருந்தது.

"எப்ப இருந்து ஐஸ் கடிக்கிறாய்?"

"எல்லாரும்தான் கடிக்கினம்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"ஓ லெவல் சோதினை எடுத்த நேரத்தில இருந்து. என்ன இப்ப? ஐஸ் முடிஞ்சா நான் திரும்ப வைக்கிறன்தானே."

"களைக்கிறதோ? படியேறேக்க?"

உஷாந்தி தாயின் கையைத் தட்டிவிட்டாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் குரலில் இருந்தது கோபம்தான். "களைக்குது எண்டு எத்தின தரம் சொன்னனான்? டியூசன்ல நித்திரை வருது எண்டும் சொன்னனான்தானே. நீங்கள்தானே சோம்பேறி எண்டு பேசினீங்கள். போனைப் பாத்தா மட்டும் நித்திரை வராதோ எண்டு கேட்டதும் நீங்கள்தான்."

கீழே கரையோர ரயில் போனது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

சுதர்சினி பல்கனிக்குப் போனாள். சாக்கின் முடிச்சு இறுக்கமாக இருந்தது. சிவமணி கட்டும் முடிச்சு அப்படித்தான். விரலால் முடியாமல் பல்லால் கடித்து இழுத்தாள். மச்சச் சட்டியையும் பலகையையும் கத்தியையும் எடுத்து வந்து, பளிச்சென்று இருந்த அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். ஈரலைக் கழுவிய தண்ணீர் வெள்ளைக் கழுவு தொட்டியில் சிவப்பாக இறங்கி ஓடியது.

"சுதா, இண்டைக்கு வேண்டாம். வெளியில எங்கயாவது கூட்டிக்கொண்டு போய் வாங்கித் தாறன்" என்றார் நவரத்தினம் வாசற்படியிலிருந்து.

"இருபத்தொரு நாளும் கூட்டிக்கொண்டு போவீங்களோ?" அவள் திரும்பவில்லை. வெங்காயத்தை வெட்டினாள். "நாளைக்குக் காலமை பிள்ளையைக் கொண்டுபோய்ச் சோதிக்க ரத்தம் குடுக்கப் போறன். எண் என்ன வருதோ தெரியாது. ஆனா இந்த வீட்டில இனி ஒரு பொம்பிளையும் உங்கட உயிருக்குப் பட்டினி கிடக்க மாட்டா. உங்கட உயிர் வேணுமெண்டா நீங்கள் பிடியுங்கோ."

"வாய்க்கு வந்தபடி கதைக்காத" என்று சிவமணி கத்தினார். பிறகு வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சாமியறைக்குள் போனார். திரை இழுபடும் சத்தம் கேட்டது.

மிளகும் தேங்காய்ப்பாலும் கொதித்து, ஈரலின் மணம் வீடு முழுக்கப் பரவியது. சுதர்சினி மேசையில் இரண்டு சாப்பாட்டுக் கோப்பைகளை வைத்தாள். எப்போதும் முதலில் வைக்கும் நவரத்தினத்தின் பெரிய கோப்பையை எடுக்கவில்லை. இரண்டிலும் சோறு போட்டு, கறியைக் கரண்டி நிறைய அள்ளிப் போட்டு, மேலே பாதித் தேசிக்காயைப் பிழிந்தாள். கதிரையை இழுத்து இருந்தாள்.

"இரு."

உஷாந்தி இருந்தாள். தகப்பனைப் பார்த்தாள். கையைக் கோப்பைக்கு மேலே கொண்டுபோய் அப்படியே வைத்திருந்தாள்.

"தம்பி," சாமியறைத் திரைக்குப் பின்னாலிருந்து சிவமணியின் குரல் வந்தது. "இஞ்ச வா. வந்து விளக்கைக் கொளுத்து. அங்க நிக்காத."

நவரத்தினம் எழும்பினார். வலது காலில் சொக்ஸ் அப்படியே இருந்தது. இடது காலின் சொக்ஸைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். திரைப்பக்கம் ஒரு அடி வைத்தார். மேசையில் மகள் ஒரு துண்டு ஈரலை எடுத்து வாயில் வைத்து, முகத்தைச் சுளித்தாலும் துப்பாமல், மெல்ல மென்றுகொண்டிருந்தாள். அவர் அந்தச் சிறிய தாடையின் அசைவைப் பார்த்தபடி, ஒரு கால் சில்லென்ற தரையிலும் ஒரு கால் சொக்ஸிலுமாக, நடுவில் நின்றார்.