மாஸ்டரின் கட்டை விரல்

கட்டிங் மாஸ்டருக்குப் பொறுமையெல்லாம் துணியோடு சரி. சாணை பிடித்த கத்தரிக்கோல் கைக்கு வந்ததும், கூர் எப்படி என்று வலது கட்டை விரலால் தடவிப் பார்த்தார். கூர் நன்றாகவே இருந்தது.

சின்னக் கீறல்தான். ஆனால் மேஜை மேல் ஒரு பாட்டுக்குழுவுக்கான வெள்ளைச் சட்டைத் துணி கிடந்தது. தையல் மெஷினில் இருந்த அவர் மனைவி மருந்துக்கடைக்கு ஓடிப்போய் காயத்துக்குப் போடும் ஜெல் வாங்கி வந்தாள். தண்ணீரில் கழுவிவிட்டு மெல்லிசாகத் தடவ வேண்டும், இறுக்காமல் கட்ட வேண்டும், தினமும் கட்டு மாற்ற வேண்டும் என்று கடைக்காரம்மா சொன்னதை ஒப்பித்தாள். மாஸ்டர் உம் கொட்டிவிட்டு, கழுவாமலேயே ஜெல்லைக் குழம்பு மாதிரி அப்பி, பார்சல் ஒட்டும் டேப்பை மூன்று சுற்று இறுக்கிச் சுற்றினார். துணியில் கறை பட்டுவிடக் கூடாதாம்!

மறுநாள் சாயந்திரம் டேப் ஓரமாக லேசாகச் சிவந்திருந்தது. சிவப்பைச் சுற்றிக் கோடு போட்டு வையுங்கள், கோட்டைத் தாண்டினால் உடனே டாக்டரிடம் போங்கள் என்றும் கடைக்காரம்மா சொல்லியிருந்தாள். மனைவி கையில் இருந்ததை வைத்துக் கோடு போட்டாள்.

விடிந்து பார்த்தால் கோட்டையே காணோம். சிவப்பு மணிக்கட்டு வரை ஏறியிருந்தது. விரல் நுனி மரத்துக் கிடந்தது. மாஸ்டர் விரலைத் தூக்கி மனைவியிடம் காட்டினார்.

"கத்தரிக்கோல் பிடிக்கிற விரல்மா. இது போச்சுன்னா நான் எதுக்கு ஆவேன்?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு அவரை இழுக்காத குறையாகக் கூட்டிப்போனாள். டாக்டர் பத்து மணிக்குத்தான் வருவார், மருந்துக்கடை திறந்திருந்தது.

கடைக்காரம்மா டேப்பைப் பிரித்தாள். உள்ளே விரல் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தது. கையைக் குழாயில் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னாள். தண்ணீர் சிவப்பாக ஓடியது. கையில் இருந்த சிவப்பும் கூடவே ஓடிவிட்டது.

"கோடு எதுல போட்டீங்க?"

"சாக்கட்டியில. சிவப்புச் சாக்கட்டி. துணியில அடையாளம் போடுறது, லேசா தேய்ச்சாலே போயிடு..." மனைவி பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

ராத்திரி வேர்த்த கையைக் கன்னத்துக்கு முட்டுக்கொடுத்துத் தூங்கியிருக்கிறார் மனிதர்; கோடு வேர்வையில் கரைந்து மணிக்கட்டு வரை வழிந்திருக்கிறது. முப்பது வருஷமாக அந்தக் கட்டியோடு மாரடிப்பவருக்கும் அது உறைக்கவில்லை. டேப் போனதும், அது இறுக்கியதால் சிவந்திருந்த ஓரம் தணிந்து, நுனியில் ஊசி குத்துவது போல் உணர்ச்சி திரும்பியது. வீக்கம் இல்லை, சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. காயம் தன் பாட்டுக்கு மூட ஆரம்பித்திருந்தது. அப்பாடா என்று மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

கடைக்காரம்மா விடவில்லை. நிறையப் போட்டால் சீக்கிரம் ஆறிவிடாது, காற்றுப் போகாமல் சுற்றினால் தோல் ஊறித்தான் போகும், இதுவே ஆழமான வெட்டாக இருந்தால் ஜெல்லை நம்பி வீட்டில் உட்காரக் கூடாது என்று வாங்கு வாங்கென்று வாங்கினாள். காய்ந்த விரலில் மெல்லிசாகத் தடவி, தளர்வாகத் துணி சுற்றி, இனிமேல் பேனாவில் கோடு போடச் சொல்லி அனுப்பினாள்.

தெருமுனை வரை கல் மாதிரி வந்த மனைவி, அங்கே நின்று முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மாஸ்டர் கட்டை விரலை மடக்கி நீட்டிக் காட்டினார். அழுகையோடு அவளுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது.

கடைக்கு வந்து கத்தரிக்கோலை எடுத்தவர், வெள்ளைத் துணியைப் பார்த்துத் தயங்கினார். கண் பார்சல் டேப்பைத் தேடியது.

அவள் டேப்பை எடுத்துத் தன் மெஷின் டிராயருக்குள் போட்டு மூடினாள்.

"கறை பட்டா படட்டும்ங்க. துணி கடையில கிடைக்கும்."