அவர் இறக்கி வைத்த நினைப்பு

“வீட்டுல இனி அந்தப் பேச்சே வேண்டாம்மா. வியாழக்கிழமை இங்க வந்து என்கிட்ட சொல்லட்டும்.”

“அவரா ஆரம்பிச்சா?”

“கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார வச்சிடுங்க. கேட்டுக் கேட்டு நீங்களும் களைச்சுப் போயிருப்பீங்க.”

“அப்ப என் காதுக்கும் லீவுன்னு சொல்லுங்க,” என்று அவள் சிரித்தாள். எதிரே இருந்த மனநல ஆலோசகரும் சிரித்தார். நான்கு மாதத்துக்கு முன்னால் நடந்த பேச்சு அது.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். அவன் பழுது பார்த்து முடித்த ஒரு லிஃப்ட் மறுநாள் நழுவி, கூட வேலை செய்தவரின் கை நசுங்கிப் போனது. பிரேக் ஸ்பிரிங்கின் தயாரிப்பிலேயே கோளாறு, இவன்மேல் தப்பில்லை என்று விசாரணையில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவன் மனது அதை ஏற்கவில்லை. ‘லிஃப்ட் கதவைச் சாத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தா...’ என்று தினமும் ஆரம்பிப்பான். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டும் துணி மடித்துக்கொண்டும் ஒரு வருஷம் அதையே கேட்டாள்.

பேச்சு மனதின் முடிச்சை அவிழ்க்கும், பயிற்சி அலையும் மனதைப் பிடித்து நிறுத்தும் என்று ஆலோசகர் இரண்டையும் சேர்த்தே கொடுத்தார். கம்ப்யூட்டர் குரல் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லும். கேட்ட எண்ணை அதற்கு முந்தைய எண்ணோடு கூட்டி, விடையை அழுத்த வேண்டும். மனது ஒரு நொடி பழைய இடத்துக்கு ஓடினாலும் கணக்கு தவறிவிடும். “இந்த வயசுல கூட்டல் ட்யூஷன்,” என்று முணுமுணுத்தவன், மூன்றாம் மாதம் சவரம் செய்யும்போது பாட ஆரம்பித்தான்.

வீடு அமைதியானது. அந்த அமைதியில்தான் அவளுக்குள் அது தொடங்கியது. அவனுடைய வார்த்தைகள், அவனுடைய குரலிலேயே. முதலில் குளிக்கும்போது மட்டும். பிறகு வேலை செய்யும் மருந்துக்கடைக்கும் கூடவே வந்தது. அவள் பார்த்தே இராத அந்த நசுங்கிய கையின் விரல்கள் மாத்திரை அட்டைகளுக்கு நடுவே தெரிந்தன.

அவனிடம் சொல்லலாம். சொன்னால் அந்தப் பேச்சு மறுபடியும் வீட்டுக்குள் வந்துவிடும். தேறி வருகிறவனைத் தன் வாயாலேயே பழைய குழிக்குள் தள்ளிவிட்டால்? ஆறு வாரமாக அவள் வாயைத் திறக்கவில்லை.

நேற்று ஒரு பெரியவருக்கு இதய மாத்திரையை இரண்டு மடங்கு வீரியத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டாள். தெருமுனை வரை ஓடிப் போய் மாற்றினாள். இன்று மறுபடியும் தவறு, ஒரு கைக்குழந்தையின் மருந்தில். பில் போடும்போது முதலாளி பார்த்துவிட்டார்.

“நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு. நாளைக்கு நான் பக்கத்துல இல்லைன்னா என்னம்மா ஆகும்?”

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அவன் பயிற்சியில் இருந்தான். திரும்பிப் பார்த்து, “நூத்துக்குத் தொண்ணூத்தொண்ணு. இந்தப் பையன் பாஸாயிட்டான், கடைக்காரம்மா. இனிப்பு எங்க?” என்றான்.

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

“என்ன, முகமே சரியில்ல?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கா செருப்போட நிக்கற? உட்காரு.”

ஐந்து என்றது கம்ப்யூட்டர். பிறகு மூன்று. பிறகு எட்டு. கூட்ட ஆளில்லாமல் எண்கள் வந்துகொண்டே இருந்தன. அவன் அதை நிறுத்தாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பு அவன் முகத்தைவிட்டு மெல்லப் போய்க்கொண்டிருந்தது. இன்னும் ஒரு நாள் பொறுக்கலாமா என்று யோசித்தாள். நாளைக்கும் கடை திறந்துதான் இருக்கும்.

“நீங்க திரும்பிப் பார்க்காத அந்தக் கதவை இப்ப நான் மனசுக்குள்ள திரும்பித் திரும்பிப் பார்த்துட்டிருக்கேங்க. இன்னைக்கு ஒரு குழந்தைக்குத் தப்பு மருந்து எடுத்துட்டேன். என்னால தனியா முடியல. வியாழக்கிழமை என்னையும் அந்த ஆலோசகர் ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போங்க.”